காபூலில் இருந்து வந்த இரட்டையர்

உருவத்தில் ஒத்த இருவர் ஊராரைக் குழப்பும் கதை நம்மவர்க்குப் புதிதன்று. திரைப்படங்கள் அதனைப் பிழிந்தெடுத்து விட்டன. ஆயினும் 2012-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், லண்டன் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ‘குளோப்’ அரங்கில் ஆப்கானியக் குழுவொன்று அக்கதையைத் தங்கள் தாரி மொழியில் நடித்தபோது, சிரிப்புக்குள்ளே வேறொன்றும் இருந்தது.

நாடகம் ஷேக்ஸ்பியரின் ‘காமெடி ஆஃப் எர்ரர்ஸ்’. ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் ஓர் இரட்டையரை வைத்து எழுதியதை, எசமானர் இருவர், ஏவலர் இருவர் என ஷேக்ஸ்பியர் இரட்டிப்பாக்கினார். 1594 டிசம்பர் 28 அன்று லண்டனில் சட்ட மாணவர்களின் கொண்டாட்டத்தில் இது நடிக்கப்பட்டது. அன்றைய கூச்சல் குழப்பத்தால் அவ்விரவுக்கே ‘பிழைகளின் இரவு’ என்று பெயர் வைத்து விட்டார்களாம்!

ஆனால் நாடகம் சிரிப்போடு தொடங்குவதில்லை. பகை நகருக்குள் அடியெடுத்து வைத்த குற்றத்துக்காக முதிய வணிகர் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. ஆயிரம் மார்க் தண்டம் செலுத்தினால் உயிர் பிழைக்கலாம். அதற்கு மாலை வரை தவணை. கப்பல் உடைந்து மனைவியையும் ஒரு மகனையும் இழந்தவர் அவர். தன்னுடன் தப்பிய மற்றொரு மகனும் சகோதரனைத் தேடிச் சென்றுவிட, அவனைத் தேடியே அந்நகருக்கு வந்து சேர்ந்தார். குடும்பம் சிதறுவதும், எல்லை தாண்டியதே குற்றமாவதும் காபூல் மக்களுக்கு வெறும் கற்பனையா என்ன?

‘ரோய்-இ-சப்ஸ்’ என்பது அக்குழுவின் பெயர். இயக்கியவர் காரின் ஜாபர் என்னும் பெண்மணி. 2005-இல் காபூலிலேயே ஆண்களும் பெண்களும் ஒருங்கே நடித்த ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை மேடையேற்றியவர். உள்நாட்டுப் போரில் காபூலின் தேசிய நாடக அரங்கம் சிதைந்து போயிற்று. 1996 முதல் 2001 வரையிலான தாலிபான் ஆட்சியில் நாடகமே தடைப்பட்டிருந்தது. அத்தகைய ஊரில் மேடையேறும் பெண் கைதட்டலை மட்டும் எதிர்பார்த்து வருவதில்லை. பழிச்சொல்லையும், சில நேரம் உயிருக்கு வரும் மிரட்டலையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறாள்.

2011 ஆகஸ்ட் 19 அன்று காபூலிலுள்ள பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடம் தாக்கப்பட்டது. அதன் பின்னர் அந்நகரில் ஒத்திகை நடத்துவது இயலாததாயிற்று. குழுவினர் வந்து சேர்ந்த இடம், நமக்கு அண்டை ஊரான பெங்களூர்! ஆளை மாற்றிக் கருதும் நகைச்சுவைக்குக் கணக்குத் தவறாத பயிற்சி வேண்டும். ஒருவன் ஒரு கதவால் வெளியேறும் அதே நொடியில் மற்றவன் மறு கதவால் நுழைந்தாக வேண்டும். அந்தப் பயிற்சிக்குரிய அமைதி அவர்களுக்குக் கிடைத்தது இங்கேதான்.

ஷேக்ஸ்பியரின் கிரேக்க நகரங்கள் ஆப்கானிய வடிவில் சமர்கந்தாகவும் காபூலாகவும் மாறின. எசமானர்கள் ‘அர்ஸலான்’ ஆனார்கள். ஏவலர்கள் ‘போஸ்தான்’ ஆனார்கள். 37 நாடகங்களை 37 மொழிகளில் நிகழ்த்திய அவ்விழாவில் இது ஒன்று. பெருநகர அரங்குகளின் வசதியில் வளர்ந்த குழுக்கள் பல வந்த விழாவில், ஒத்திகைக்கே நாடு விட்டு நாடு சென்ற இக்குழுவை நாம் தனியே குறிப்பிடுவது மிகையாகாது.

கதையின் முடிவில் அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் சந்திக்கிறார்கள். மாண்டதாக எண்ணிய தாயும் உயிரோடு வெளிப்படுகிறாள். தந்தையின் தலை தப்புகிறது.

2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் காபூலைக் கைப்பற்றினர். அவ்வாண்டு நவம்பரிலேயே, பெண்கள் நடித்த நாடகங்களைத் தொலைக்காட்சியில் காட்டலாகாது என்ற ஆணை பிறந்தது.