இரவு ஷிப்டும் புகையிலைப் பழக்கமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் வட்டாரத் தொழிற்சாலைகள் பலவற்றில் இரவு ஷிப்டு உண்டு. இரண்டு மணி வாக்கில் தூக்கம் கண்ணைச் சுழற்றும். சிலர் புகையிலையை உதட்டுக்குள் அடக்கிக்கொள்வார்கள். குட்காவைத் தமிழ்நாடு அரசு 2013இல் தடை செய்தது. பழக்கம் அதோடு ஒழியவில்லை.

தூண்டுதல், செயல், பலன் மூன்றும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வரும்போது பழக்கம் உருவாகிறது. இங்கே தூண்டுதல் தூக்கக் கலக்கமும் பக்கத்தில் இருப்பவர் நீட்டும் பொட்டலமும். பலன் நிக்கோட்டின் தரும் சுறுசுறுப்பு. செயலை நிறுத்தினாலும் தூண்டுதல் மறுநாள் இரவும் வந்து நிற்கும். ஆகவே வெறும் வைராக்கியம் போதாது. அந்த நேரத்துக்கு வேறு செயல் வேண்டும்: முகம் கழுவலாம், வறுத்த கடலை மெல்லலாம், சற்று நடந்துவிட்டு வரலாம். பொட்டலம் பையில் இல்லாதிருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடற்பயிற்சி சார்ந்த எளிய பழக்கங்கள் படியவே ஏறத்தாழ 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு இல்லை.

ஷிப்டு மாறுவோருக்கு ஒரு சிக்கல்: கடிகார நேரத்தை நம்பமுடியாது. புதிய பழக்கத்தைச் சாப்பாட்டு இடைவேளையோடோ வேலை முடிந்து கை கழுவுவதோடோ இணைப்பதே நல்லது. நிக்கோட்டினை நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சலும் தூக்கக் குறைவும் கடுமையாக இருக்கும். அப்போது 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.