பழைய மோட்டார் வண்டியில் உடன் எடுத்துச் செல்லவேண்டியவை

வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் 1950களின் பிற்பகுதியிலிருந்து செய்யப்பட்டுவந்த அம்பாசடர் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. பம்பாயில் செய்யப்பட்ட பிரிமியர் பத்மினி அதற்கு முன்னரே விடைபெற்றது. ஆயினும் இவ்வண்டிகளும் வில்லிஸ் வகையைச் சேர்ந்த பழைய ஜீப்புகளும் நாட்டின் பல பகுதிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அரசாங்கத்துக்குச் சொந்தமான வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குமேல் செல்லாது என்ற விதி 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தமையால், இவற்றுள் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தனியார் வண்டிகளே. சொந்தச் செலவில் ஒன்றை வைத்துப் பேணி, பள்ளிக்கும் சிற்றூர்களுக்கும் அதிலேயே சென்றுவரும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் உண்டு.

பழைய வண்டி புதிய வண்டியைவிட அடிக்கடி வழியில் நிற்கும். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் புதிய வண்டி நின்றால், அதன் மின்னணுச் சாதனங்களின் முன் ஓட்டுநர் பெரும்பாலும் கைகட்டி நிற்கவேண்டியதுதான். பழைய வண்டியிலோ நேரும் பழுதுகளிற் பல, சாலையோரத்திலேயே அரைமணி நேரத்திற் சீர்செய்யத் தக்கவை. அதற்குரிய பொருள் பெட்டியில் இருக்கவேண்டும். அதைக் கையாளும் முறையும் தெரிந்திருக்கவேண்டும்.

பல வண்டிகளின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தால் காணப்படுபவை யாவை? துருவேறிய இரண்டு ஸ்பானர்கள், கைப்பிடி தொலைந்துபோன ஜாக்கி, வழுக்கையான ஸ்டெப்னி ஆகியவையே. ('ஸ்டெப்னி' என்பது வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றுச் சக்கரம் அங்கே செய்து விற்கப்பட்டது. நம் நாட்டில் அப்பெயரே நிலைத்துவிட்டது.) வீட்டு வாசலில் ஒருமுறையேனும் பயன்படுத்திப் பாராத கருவியை நம்பிப் பயணம் புறப்படலாகாது.

ஸ்பானர்களைத் தேர்ந்தெடுக்கும்போது வண்டியின் பிறப்பிடத்தை நினைவிற் கொள்ளவேண்டும். அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின் ஆங்கிலேய அமைப்புடையது. ஜீப்பு அமெரிக்க அமைப்புடையது. இவற்றின் திருகுமரைகள் அங்குல அளவின. பத்மினியோ இத்தாலிய பியட் காரின் வழிவந்தது. அதற்கு மில்லிமீட்டர் அளவுகள் பொருந்தும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அதன்மேல் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆயினும் இடையிலுள்ள 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும்; இறுகிப்போன மரையின் மூலைகள் மழுங்கி, பிறகு எந்த ஸ்பானரும் அதைப் பற்றாமற் போய்விடும். எனவே, கடையில் விற்கும் பெரிய தொகுதியைவிட, தம் வண்டிக்குப் பொருந்தும் ஐந்தாறு நல்ல ஸ்பானர்களே மேல். அவற்றுடன் இரண்டு திருப்புளிகள், ஒரு குறடு, ஒரு சுத்தியல், சிறிது கட்டுக்கம்பி, மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுநாடா ஆகியவை இருந்தாற் போதுமானது.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றுவிட்டால் முதலில் அறியவேண்டுவது, குறை தீப்பொறியிலா பெட்ரோலிலா என்பதே. இதை அறியாமல் கண்ட திருகுகளையெல்லாம் கழற்றுவதால் ஒரு பழுது மூன்றாகும்.

தீப்பொறி தவறுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது டிஸ்டிரிபியூட்டரின் உள்ளே விநாடிக்குப் பலமுறை திறந்து மூடும் பாயிண்டுகளே. அவற்றின் முகங்கள் நாளடைவில் கருகிக் குழிவிழும். அவற்றிடையே உள்ள இடைவெளியும் மாறும். ஒரு ஜோடி பாயிண்டு, ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டார் ஆகிய மூன்றும் ஒரு சிகரெட்டுப் பெட்டி அளவு இடத்தில் அடங்கும். இவற்றை வைத்திராத பழைய வண்டி ஊரைவிட்டு வெளியே செல்லாதிருப்பது நல்லது. அம்பாசடர் போன்றவற்றில் பாயிண்டின் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். இதை அளப்பதற்கு உரிய தகட்டளவி இல்லையேல், சவரத்துக்குப் பயன்படும் இருபுறக் கூர் பிளேடு உதவும். அதன் கனம் 0.1 மில்லிமீட்டர், ஆகவே நான்கு பிளேடுகளை ஒன்றாகச் சேர்த்தால் வேண்டிய அளவு கிட்டும். கையை வெட்டிக்கொள்ளாமல் இருப்பது அவரவர் சாமர்த்தியம். மழைக்காலத்திலோ, ஒரு துண்டு உலர்ந்த துணியே பல சமயம் பழுதைத் தீர்த்துவிடும். டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புறம் படிந்த ஈரத்தை அதனால் துடைத்தால் எஞ்சின் மீண்டும் ஓடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தோன்றும் தொல்லை வேறு. எஞ்சினை ஒட்டியுள்ள குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் சூடேறி ஆவியாகிவிடும். பம்பின் சவ்வு அந்த ஆவியை அமுக்கி விரிக்குமேயன்றி, பெட்ரோலை மேலே தள்ளாது. தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் கார்புரேட்டர் வறண்டிருக்கும் விந்தை இதுவே. நனைத்த துணியைப் பம்பின்மீதும் குழாயின்மீதும் சுற்றிக் கால்மணி நேரம் நிழலில் நிறுத்தினால், ஆவி மீண்டும் திரவமாகும். தண்ணீர் டிஸ்டிரிபியூட்டரின்மேல் தெறிக்காமற் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அடுத்து, ஃபேன் பெல்ட். அம்பாசடரில் இந்த ஒரே ரப்பர்ப் பட்டைதான் விசிறி, தண்ணீர்ப் பம்பு, டைனமோ ஆகிய மூன்றையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் முதலிற் புலப்படும் அடையாளம் வெப்பம் அன்று. ஓட்டுநரின் எதிரேயுள்ள சிவப்பு விளக்கு எரியத் தொடங்குவதாகும். டைனமோ நின்றதை அவ்விளக்கு காட்டுகிறது. "பாட்டரிக் கோளாறுதானே, ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றெண்ணி ஓட்டிச் செல்பவர்கள், சில நிமிடங்களில் எஞ்சினையே இழக்க நேரிடும். அவ்விளக்கு எரிந்தவுடன் வண்டியை ஓரமாக நிறுத்திப் பெல்ட்டைப் பார்க்கவேண்டும். உதிரிப் பெல்ட் ஒன்று பெட்டியில் இருந்தால், டைனமோவின் திருகுகளைத் தளர்த்தி உள்நோக்கித் தள்ளி, புதியதை மாட்டி, மீண்டும் இழுத்து முடுக்கலாம். பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவு தாழவேண்டும். அதுவே சரியான இறுக்கம். கயிற்றையும் துணியையும் முறுக்கிக் கட்டிச் சமாளித்தவர்கள் உண்டு. ஆயினும் அவை வழுக்கும். உதிரிப் பெல்ட்டுக்கு ஈடாகா.

ரேடியேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். இதனால் முகமும் கையும் வெந்தவர்கள் பலர். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. உள்ளே அழுத்தத்தைத் தேக்கும் வால்வு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கவேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதியாது நிற்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் திடீரென நீங்கி, தண்ணீரின் ஒரு பகுதி அக்கணமே நீராவியாய்ச் சீறிப் பாய்கிறது. கொதிநிலைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை விளக்க ஆசிரியர்களுக்கு இது தக்க எடுத்துக்காட்டு. மலைப்பகுதிகளில் கதை வேறாகும். சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துபோன வண்டி அங்கே அடிக்கடி கொதிப்பதற்குக் காரணம் இதுவே.

கொதித்த வண்டியைக் குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடுதல் வேண்டும். ஆறிய பின்னரும் தடித்த துணியால் மூடியைப் பற்றி, முதற்படி வரை மட்டும் திருகி, சீற்றம் அடங்கியதும் முழுவதும் திறக்கவேண்டும். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். வெப்பமானியை முற்றும் நம்பலாகாது. தண்ணீர் அறவே ஒழுகிப்போனால், அதன் குமிழ் வெறுங்காற்றில் நின்று குறைந்த வெப்பத்தைக் காட்டிவிடும். ஆகவே, குடிப்பதற்கென்று வைத்துள்ள நீரைத் தவிர, ஐந்து லிட்டர் தண்ணீர் வண்டிக்கென்று தனியே இருக்கவேண்டும்.

ஹோஸ் வெடித்தால் சைக்கிள் ட்யூபை நீளவாட்டில் கிழித்துப் பட்டையாக்கி, இழுத்து இறுக்கிப் பல சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் கட்டுக்கம்பியால் முடுக்கலாம். பின்னர், ரேடியேட்டர் மூடியை முழுதும் இறுக்காமல் முதற்படியில் விட்டால் உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டும் தாங்கும். ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் மஞ்சள் தூளைப் போடுவது நம் ஓட்டுநர்களின் பழைய வழக்கம். நனைந்து உப்பும் தூள் துளையை அடைக்கிறது. ஆயினும், துளையை அடைக்கும் பொருள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஊர் சேர்ந்தவுடன் ரேடியேட்டரைக் கழுவி, துளைக்குப் பற்று வைத்தல் அவசியம். பெட்ரோல் தொட்டியின் கசிவுக்குச் சலவைச் சோப்பு நல்ல மருந்து. தண்ணீரிற் கரையும் சோப்பு பெட்ரோலிற் கரைவதில்லை. ஆதலால் பிசைந்து அப்பிய கட்டி அப்படியே நிற்கிறது.

பெட்ரோல்க் குழாய்களைப் பற்றி இக்காலத்தில் தனிக் கவனம் வேண்டும். 2023ஆம் ஆண்டு முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் விற்பனைக்கு வந்து, படிப்படியாக எங்கும் பரவியுள்ளது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. அவை இளகவும் வெடிக்கவும் கூடும். அவற்றை முன்னதாகவே மாற்றிவிட்டு, ஒரு முழம் உதிரிக் குழாயும் இரண்டு கிளிப்புகளும் வைத்துக்கொள்வது நன்று. சூடான எஞ்சின்மேல் சொட்டும் பெட்ரோலுக்கு மறுபெயர் தீ. உலர்தூள் நிரப்பிய ஒரு சிறு தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். சாமான்களுக்கு அடியில் புதைந்திருந்தால் பயனில்லை. பிளாஸ்டிக் சீசாவில் பெட்ரோலைச் சுமந்து செல்வது அறவே கூடாது.

சக்கரம் மாற்றுவது எளிய வேலை என்பது பொதுக் கருத்து. உயிருக்கு ஆபத்து நேர்வது பெரும்பாலும் இவ்வேலையில்தான். வில்லிஸ் வகை ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களின்மேல் இயங்குவதன்று. எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் தண்டின்மேல் இயங்குவது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கியவுடன், இடையிலுள்ள டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களின் வழியே தூக்கிய சக்கரம் ஒருபுறமும் தரையிலுள்ள சக்கரம் மறுபுறமும் சுழல இயலும். தண்டு அசையாமல் நிற்க, வண்டி மட்டும் உருண்டு ஜாக்கியிலிருந்து விழுந்துவிடும்! கைப்பிரேக் முழு வலிமையுடன் பிடித்திருக்கும்போதே இது நிகழும். நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டிவிட்டால் முன்சக்கரங்களும் தண்டோடு பிணைந்து தடுக்கும். காரில் கைப்பிரேக் இரு பின்சக்கரங்களையும் தனித்தனியே பிடிப்பதால் இக்குறை இல்லை. ஆனால் கைப்பிரேக் தளர்ந்த காரைக் கியரில் மட்டும் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தூக்கினால், அதே விபத்து அங்கும் நேரும். எவ்வகை வண்டியாயினும், ஆப்புப் போல் சீவிய இரண்டு மரக்கட்டைகளை எதிர்மூலைச் சக்கரத்தின் முன்னும் பின்னும் வைத்தல் வேண்டும். ஈரமண்ணில் ஜாக்கி அமிழாதிருக்க ஒரு சாண் சதுரப் பலகை வேண்டும். சக்கர மரைகளைத் தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்தி, பிறகே தூக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் புகலாகாது.

பாட்டரி இறங்கிய நாளில் கைகொடுப்பது, முன்புறத்தில் செருகிச் சுழற்றும் ஹாண்டில். இதைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கவேண்டும். கம்பியை வளைத்துப் பிடிக்கலாகாது. கீழிருந்து மேல்நோக்கி இழுக்கவேண்டுமேயன்றி, மேலிருந்து அழுத்தலாகாது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும்.

பிரேக் எண்ணெய் ஒரு சிறு டப்பா வைத்திருப்பது வழக்கம். எண்ணெய் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள். ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்வது தீர்வன்று. அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயையோ மண்ணெண்ணெயையோ ஊற்றியவர்களும் உண்டு. அவை பிரேக்கின் ரப்பர் வளையங்களை உப்பச் செய்து, அமைப்பு முழுவதையும் கெடுத்துவிடும். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் பழுது நேர்ந்தால் கருவிப் பெட்டியை மூடிவிடவேண்டும். பெட்டியிற் பயன்படுவது இழுத்துச் செல்லும் கயிறும் அன்று. பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தல் ஆகாது. பாரவண்டியில் ஏற்றியே கொண்டு செல்லவேண்டும்.

ஓட்டுநருக்கும் உடன் வருவோர்க்கும் வேண்டியவை சில: குடிநீர், முதலுதவிப் பெட்டி, டார்ச் விளக்கு, ஒளியை எதிரொளிக்கும் சிவப்பு முக்கோணம். முக்கோணத்தை வண்டியின் காலடியிலேயே வைப்பதால் பயன் குறைவு. பின்னால் வருபவர் வேகத்தைத் தணிக்கும் அளவுக்கு, ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் பின்னே வைக்கவேண்டும். வளைவாயின், வளைவுக்கு அப்பால் வைக்கவேண்டும். அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 ஆகிய தொலைபேசி எண்களைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டலாம். அதே தாளில் பாயிண்டு, பிளக் இடைவெளிகள், டயரின் காற்றழுத்தம், உதிரிப் பெல்ட் வாங்கிய தேதி ஆகியவற்றையும் குறிக்கலாம். ரப்பர் பொருள்கள் பெட்டியில் கிடந்தே மூப்படையும். டார்ச்சின் பாட்டரிக் கட்டைகளை உள்ளே விட்டுவைத்தால் கசிந்து அரித்துவிடும். அவற்றைத் தனியே ஒரு துணிப்பையில் கட்டி, டார்ச்சின் பக்கத்திலேயே வைக்கவேண்டும். ஸ்டெப்னிக்குக் காற்றடிப்பது, மற்ற நான்கு சக்கரங்களுக்கும் காற்றடிக்கும் அதே நாளில்.