பாம்பு இல்லாத இடத்தில் ஒரு துள்ளல்

லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஒரு தடித்த கண்ணாடித் தடுப்பு. உள்ளே ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கொடிய நச்சுப்பாம்பு ஒன்று. வெளியே ஒருவர் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் நின்றார். பாம்பு கொத்த வந்தாலும் பின்வாங்குவதில்லை என்று அவர் உறுதி செய்திருந்தார். பாம்பு கொத்தியது. அடுத்த கணமே அவர் ஓரிரு கஜ தூரம் பின்னால் துள்ளிவிட்டார்! கண்ணாடி காப்பாற்றும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

அவர் வேறு யாருமல்லர், சார்லஸ் டார்வின்தான். உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி 1872-இல் வெளியிட்ட நூலில் இதைத் தாமே எழுதியிருக்கிறார்.

நண்பர்களே, இந்தத் துள்ளலில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூளைக்குள் பாதாம் பருப்பின் வடிவில் 'அமிக்டலா' என்ற சிறு பகுதி இருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்தியை மூளையின் மேற்பகுதி நிதானமாக ஆராய்ந்து முடிக்குமுன்பே அது அபாய மணியை அடித்துவிடும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. சண்டையிடவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று விளக்கியவர் வால்டர் கானன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர். 1915-இல் வெளிவந்த அவரது நூல் இன்றும் பேசப்படுகிறது.

பாம்பே இல்லாதபோது இந்த மணி அடித்தால்? பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அல்லது தேர்வுக் கூடத்தில். திடீரென நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, மூச்சு போதவில்லை, செத்துவிடுவோம் என்றே தோன்றுகிறது. மருத்துவர்கள் இதைப் 'பேனிக் அட்டாக்' என்பார்கள். திகில் தாக்கு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டிப் பிறகு தணிந்துவிடும். சிலருக்கு இது ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். இதை எழுதும் எனக்கும் அப்படித்தான்.

டார்வினுக்கு 1831-இல் வயது 22. பீகிள் கப்பல் புறப்படுவதற்காகக் காத்திருந்த நாட்களில் நெஞ்சு வலித்தது, படபடத்தது. இதய நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டார். பயணத்துக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி எந்த மருத்துவரிடமும் போகவில்லை. அந்த இதயம் அதன்பின் 50 ஆண்டுகள் அடித்தது! 1865-இல் ஒரு மருத்துவருக்காக அவர் எழுதிய குறிப்பில், அடக்கமுடியாத அழுகை, சாவது போன்ற உணர்வு, மனைவி எம்மா அருகில் இல்லாவிட்டால் பதற்றம் என்றெல்லாம் வருகிறது. இது திகில் நோயாக இருக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் இருவர் 1997-இல் எழுதினர். வேறு நோய்களைச் சொல்வோரும் உண்டு. இறந்தவரின் நாடியைப் பிடித்து முடிவு சொல்ல முடியாது.

இந்தத் தாக்கு ஏன் தானே வளர்கிறது? பள்ளி விழாவில் ஒலிபெருக்கி ஊளையிட்டதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியின் சத்தம் மைக்கில் நுழைகிறது, பெருகி வெளிவருகிறது, மறுபடி நுழைகிறது. இதை நாங்கள் வகுப்பில் பின்னூட்டம் என்போம். திகில் தாக்கிலும் இதே கதைதான். வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை சற்றுக் கூடுகிறது, மூளைக்குச் செல்லும் நாளங்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. "ஐயோ, ஏதோ ஆகிறதே!" என்ற அச்சம் மூச்சை இன்னும் வேகமாக்குகிறது. போதிய காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறுவதாகத் தோன்றுவது எவ்வளவு விந்தை!

ஊளை கேட்டால் மைக் செட்காரர் கருவியைத் தூக்கி எறிவதில்லை. குமிழைத் திருகிக் குறைக்கிறார். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவது ஏறத்தாழ அந்த வேலைதான். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவருக்கு அது ஆபத்து.

ஆனால் மூச்சைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒருமுறை பஸ்ஸில் வந்தது என்று பஸ்ஸை விட்டால், "தப்பியோடியதால் பிழைத்தேன்" என்று அமிக்டலா தவறாகக் கற்றுக்கொள்கிறது. அடுத்து கடைத்தெரு, அதற்கடுத்து வகுப்பு. டார்வினும் கூட்டங்களைத் தவிர்த்து, 1842 முதல் டவுன் என்ற கிராமத்து வீட்டிலேயே பெரும்பாலும் ஒதுங்கி வாழ்ந்தார். அங்கிருந்தபடியே அவர் பெரும் நூல்களை எழுதியது உண்மை. ஆனால் அவருக்கு இருந்த செல்வம் உங்களுக்கும் எனக்கும் இல்லை. நாளை பஸ் ஏறித்தான் ஆகவேண்டும். எனவே இன்றைய மனநல மருத்துவர்கள் எதிர்வழியில் பழக்குகிறார்கள்: முதல் நாள் ஒரு நிறுத்தம் வரை, பிறகு இரண்டு. மணி அடிக்கட்டும் என்று அமர்ந்திருந்தால், அது தானே ஓய்வதை மூளை பார்த்துக் கற்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். நான் 42-ஆம் எண் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போக ஐந்து மாதம் ஆயிற்று. இப்போதும் எப்போதாவது மணி அடிக்கிறது, இறங்குவதில்லை.

முதல்முறை இப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். தைராய்டு மிகைச் சுரப்பும் இரத்தசோகையும் இதயக் கோளாறும் இதே வேடத்தில் வருவதுண்டு. வீட்டில் சொல்லத் தயங்கினால், அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பக்கத்து பெஞ்சு நண்பனுக்கு வந்தால் "பயப்படாதே" என்று அதட்ட வேண்டாம், அது டார்வினிடமே பலிக்கவில்லை. அருகில் அமர்ந்து, நீங்கள் முதலில் மெதுவாக மூச்சு விடுங்கள்.