கோழிவலையில் சிக்கிய டி.வி.!

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம், சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதும் ஹாஸ்டல் டி.வி. முன்னாடி விசிலடிச்சவங்க கை தூக்குங்க! அந்தக் கூட்டத்துலயும் ஒருத்தர் கேட்டிருப்பாரே... ‘சோத்துக்கே வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதுக்கு?’னு. இந்தக் கேள்விக்கு அறுபது வயசாச்சு பாஸ்!

1962-ல் விக்ரம் சாராபாய் தலைமையில் விண்வெளி ஆய்வுக் குழு அமைந்தபோதே இதைக் கேட்டார்கள். அவர் தேர்ந்தெடுத்த இடம், திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்ற மீனவ கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போவதுதான் காரணம். ஊர் சர்ச்சையே கொடுத்தார் பிஷப். பிரார்த்தனைக் கூடம், லேப் ஆனது. 1963 நவம்பர் 21, முதல் ராக்கெட். அமெரிக்கா தந்தது. கிளப்புகிற நேரத்தில் கிரேனின் ஹைட்ராலிக் மக்கர் பண்ண, ஆளாளுக்குக் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த டீமில் நம்ம ராமேஸ்வரம் அப்துல் கலாமும் உண்டு!

1969 ஆகஸ்ட் 15-ல் இஸ்ரோ பிறந்தது. நிலாவுக்குப் போகிற போட்டியெல்லாம் நமக்கு வேண்டாம், சாமானியனின் பிரச்னைக்கு உதவணும் என்பது சாராபாயின் கட்சி. சும்மா பேச்சில்லை. 1975 ஆகஸ்டில் நாசாவிடம் ஒரு வருஷத்துக்கு சாட்டிலைட்டை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டி.வி. காட்டினார்கள். (லிஸ்ட்டில் தமிழ்நாடு இல்லை, வருத்தம்தான்!) ஆன்டெனா எதில் செய்தது தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையில்! தினம் நாலு மணி நேரம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், விவசாயம், சுகாதாரம். கரன்ட் இல்லாத ஊர்களில் பேட்டரி.

இதைப் பார்க்க சாராபாய் இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் இறந்துவிட்டார். வயசு 52.

1976 ஜூலையோடு இரவல் கெடு முடிஞ்சுது. சாட்டிலைட்டை நாசா திரும்ப எடுத்துக்கொண்டது. நமக்கே நமக்கென்று வாங்கிய இன்சாட்-1ஏ 1982-ல் பாதியிலேயே செயலிழந்துபோக, அடுத்த வருஷம் போன இன்சாட்-1பி-தான் நின்றது. டி.வி.யோட வானிலைப் படமும் அனுப்பிய சாட்டிலைட் அது. இப்போ புயல்னு சொன்னதும் நியூஸ்ல ஒரு வெள்ளைச் சுழல் சுத்துமே, காலேஜ் லீவான்னு நாம உத்துப் பார்ப்போமே... அந்தப் படத்தை அனுப்புறது இந்தக் குடும்பத்து வாரிசுங்கதான்.