தாய்மைப் பேறும் குடும்பச் செலவும்

ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை அடுத்த பிச்சாட்டூர், முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இத்தகைய ஊர்களில் கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்திற்கு, பிரசவச் செலவு என்பது மருத்துவரின் கட்டணம் மட்டுமன்று. வண்டிச் சத்தம், மருந்து, துணைக்கு வருபவரின் உணவு, இழந்த நாட்கூலி ஆகியவையும் அதில் அடங்கும்.

2005இல் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம், மருத்துவ நிலையத்தில் மகப்பேறு அடையும் ஏழைத் தாய்க்கு ரொக்க உதவி அளித்தது. ஆந்திராவின் கிராமப்புறங்களில் இத்தொகை 700 ரூபாய். ஆயினும், வலி எடுத்த இரவில் வண்டிக்குத் தேவைப்படும் பணத்தைப் பின்னர் வரும் உதவித்தொகை ஈடு செய்யாது. அறுவைச் சிகிச்சை நேர்ந்தால் அத்தொகை எம்மூலைக்கும் போதாது.

இக்குறையைக் களையவே 2011 ஜூன் மாதம் ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமம் தோன்றியது. அரசு மருத்துவமனைகளில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து ஆகிய அனைத்தும் இலவசம் என்பது அதன் விதி. முந்தைய திட்டம் தாய்க்குப் பணம் கொடுத்தது. பிந்தையது அவள் செலவு செய்ய வேண்டிய நிலையையே நீக்க முனைந்தது.

இந்தியாவில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03இல் 301ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 97ஆகக் குறைந்தது; ஆந்திராவில் அது 45. இத்திட்டங்களுடன் கல்வி, சாலை வசதி முதலியனவும் இதற்குத் துணை நின்றன. எனினும், மருந்து இருப்பில் இல்லாதபோது அதனை வெளியே வாங்கும் குடும்பத்திற்கு இலவசம் என்பது ஏட்டளவில் நின்றுவிடும். ஆகவே, ஒதுக்கப்பட்ட நிதியின் அளவைக் காட்டிலும், அது உரிய வேளையில் மருந்தாகவும் வண்டியாகவும் மாறுகிறதா என்பதே அலுவலர்கள் கண்காணிக்க வேண்டிய கணக்காகும்.