ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடலாமா? முதலில் கணக்குப் பார்ப்போம்



மாதக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில்தான் முக்கியமான கேள்விகள் வரும். இந்த முறை ஒரு சகோதரி கேட்டார்: "அக்கா, கொல்லைப்பக்கம் இடம் சும்மா கிடக்கு. ஒரு ரூம் போட்டு வாடகைக்கு விட்டா மாசம் பொறந்தா காசு வருமே. குழுவுல கடன் கிடைக்குமா?" கேட்டது ஒருவர்தான். ஆனால் தலையாட்டியது பத்துப் பேர். அதனால் இந்த இதழில் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

வாடகைக்கு விடுவதும் ஒரு தொழில்தான். ஆடு வளர்ப்பு மாதிரி, மாவு மில் மாதிரி இதற்கும் முதல் உண்டு, செலவு உண்டு, நஷ்டமும் உண்டு. "சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று நினைத்து இறங்கினால் கஷ்டம்தான்.

யார் குடி வருவார்கள்?

ரூம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. நம் காரைக்காலில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்க வேண்டிய இடங்கள் பல இருக்கின்றன. 1987-ல் வந்த வேளாண் கல்லூரி, 2010-ல் தொடங்கிய என்.ஐ.டி., 2016-ல் வந்த ஜிப்மர் கிளை, நிரவியில் ஓ.என்.ஜி.சி., வாஞ்சூரில் 2009-ல் திறந்த துறைமுகம். புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வரும் அரசு ஊழியர்களும் உண்டு.

மாணவர்களில் பலர் விடுதியிலேயே தங்கிவிடுவார்கள். நமக்கு வரக்கூடியவர்கள் நர்ஸுகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், கடை ஊழியர்கள், சிறு குடும்பங்கள். இவர்கள் கேட்பது தனி வாசல், தனிக் கழிப்பறை, நல்ல தண்ணீர், பஸ் வசதி. மார்பிள் தரையை யாரும் கேட்பதில்லை. உங்கள் தெருவில் இப்போது காலியாக எத்தனை ரூம் கிடக்கிறது, எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று விசாரியுங்கள். அதுதான் உங்கள் சர்வே.

திருநள்ளாறு பக்கம் இருப்பவர்கள், "சனிக்கிழமை பக்தர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமே" என்பார்கள். சனிப்பெயர்ச்சி சமயத்தில் கூட்டம் அலைமோதுவதும் உண்மைதான். ஆனால் அந்தப் பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. நாள் வாடகை என்பது லாட்ஜ் தொழில். அதற்கு உரிமம், மின் கட்டணம் எல்லாம் வேறு. புதிதாகத் தொடங்குபவருக்கு மாத வாடகையே நல்லது.

பேப்பரில் போட்டுப் பாருங்கள்

ஒரு உதாரணம். கழிப்பறையோடு ஒரு ரூம் கட்ட 2,50,000 ரூபாய் ஆகிறது, மாத வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வருடத்துக்கு 36,000 ரூபாய். "அடேயப்பா!" என்று சொல்லிவிடாதீர்கள். வருடத்தில் ஒரு மாதமாவது ரூம் காலியாக இருக்கும். 3,000 கழியுங்கள். வீட்டு வரி, வெள்ளை அடிப்பது, மோட்டார் ரிப்பேர் என்று 5,000 கழியுங்கள். கையில் நிற்பது 28,000. மாதத்துக்குச் சுமார் 2,333 ரூபாய்.

இப்போது கடன் கணக்கு. மொத்தப் பணமும் 12 சதவீத வட்டிக் கடன் என்றால் முதல் வருட வட்டி மட்டும் சுமார் 30,000 ரூபாய். வரவு 28,000. அசல் அப்படியே நிற்கும். அப்படியானால் அந்த ரூம் நமக்காகக் கட்டியது இல்லை, வட்டிக்காகக் கட்டியது.

பாதி சொந்தச் சேமிப்பு, பாதி கடன் என்றால்? 1,25,000 ரூபாயை மூன்று வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 4,150 ரூபாய். ரூமில் வருவது 2,333. மீதி 1,800 ரூபாய்க்கு மேல் 36 மாதமும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். தையலோ, மீனோ, பால் மாடோ, அதிலிருந்து அந்தப் பணத்தை எடுக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக இறங்குங்கள். மூன்று வருடம் கழித்து ரூமும் உங்களுடையது, வாடகையும் உங்களுடையது. முடியாது என்றால் இன்னும் கொஞ்சம் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள். இடம் எங்கேயும் ஓடிப் போகாது.

இன்னொன்றும் உண்டு. நபார்டு வங்கி 1992-ல் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டம் நம்மைப் போன்ற குழுக்களுக்கு அடமானம் இல்லாமல் கடன் தருகிறது. அங்கே அடமானம் நம் ஒற்றுமைதான். ஒருவர் தவணை நின்றால் அடுத்த கடன் எல்லோருக்கும் தடைபடும். குடி வராத ரூமுக்காகப் பக்கத்து வீட்டு அக்காவின் கடன் நிற்கக் கூடாது.

பத்திரம் யார் பேரில்?

சீட்டுப் பணமும் காதுத் தோடும் போட்டுக் கட்டுவது நாம். மனை மாமனார் பேரில் இருக்கும். நாளைக்குப் பாகப்பிரிவினை வந்தால் "ரூம் நான் கட்டினது" என்ற பேச்சு நிற்காது. கட்டுமுன் அந்த இடத்தை எழுதி வாங்க முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். அது முடியாவிட்டால், செலவு யாருடையது, வாடகை யாருக்கு என்பதையாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய வீடுகளில் பங்காளிகள் பிரான்சில் இருப்பார்கள். பிரெஞ்சுக் காலத்துப் பத்திரத்தில் தாத்தா பேர் மட்டும் இருக்கும். "அவங்க எங்க வரப் போறாங்க?" என்று சொல்லி அந்த இடத்தில் கட்டாதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டால்தான் அது முழு வீடு. வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா பார்த்து, வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். பிறந்த வீட்டுச் சொத்திலும் உங்களுக்கு உரிமை இருக்கலாம். 2005-ல் வந்த திருத்தம் இந்து குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. மற்ற மதத்தவருக்கும், பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்களுக்கும் விதி வேறு. அதையும் வக்கீலிடமே கேளுங்கள்.

அட்வான்ஸ் பணம் நம்ம பணம் இல்லை

இதைத்தான் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு அக்கா தன் மாடியை ஒத்திக்கு விட்டார். இரண்டு லட்சம் ரூபாய் மொத்தமாக வாங்கிக்கொண்டார். மாத வாடகை கிடையாது. மூன்று வருடம் கழித்து அதே இரண்டு லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தில் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மூன்று வருடம் முடிந்து குடியிருந்தவர்கள் பணத்தைக் கேட்டார்கள். கையில் ஒன்றும் இல்லை. மகளுக்குப் போட்ட நகையையே திரும்ப வாங்கி அடகு வைத்தார். "மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லி வாங்கினேன்னு கேக்காத" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒத்தி என்பது வருமானம் இல்லை, கடன். அட்வான்ஸும் அப்படித்தான். வாங்கிய அன்றைக்கே தனிக் கணக்கில், முடிந்தால் வைப்புத் தொகையாகப் போட்டுவிடுங்கள். ஒத்திக்கு விடுவதானால் பதிவு செய்துதான் விட வேண்டும். வெறும் பேப்பரில் எழுதினால் இரண்டு பக்கமும் ஆபத்து.

எழுத்தில் இருக்கட்டும்

தெரிந்தவர்கள் என்றாலும் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அதனால்தான் ஊரில் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் பில் யார் கட்டுவது, காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். வாடகை வாங்கினால் ரசீது கொடுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டர் வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

ஆதார் நகல் வாங்கி, காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரம் கொடுத்து வையுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

வாடகை பாக்கி வைத்தால்? பூட்டுப் போடுவது, தண்ணீரை நிறுத்துவது, சாமானை வெளியே வைப்பது கூடவே கூடாது. சட்டப்படி நோட்டீஸ், பிறகு நீதிமன்றம், அதுதான் வழி. புதுச்சேரிக்கென்று தனி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-லேயே வந்தது. நாகூரிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் விதி தமிழ்நாட்டு விதி. அது நமக்கு அப்படியே பொருந்தாது.

இடத்தை மழையில் பாருங்கள்

நம்முடையது கடைமடை. சித்திரையில் எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 2008-ல் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரை கடந்ததை மறந்திருக்க மாட்டோம். அடித்தளத்தைத் தெருவை விட உயர்த்திக் கட்டுங்கள். கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உண்டு. அங்கே அனுமதி இல்லாமல் செங்கல் எடுத்து வைக்காதீர்கள். எங்கே கட்டினாலும் நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு

ரூம் கட்ட நினைக்கும் சகோதரிகள் ஒரு தாளில் இந்த ஐந்துக்கும் பதில் எழுதி வாருங்கள்:

1. இடம் யார் பேரில் இருக்கிறது?
2. மொத்தச் செலவில் சொந்தச் சேமிப்பு எவ்வளவு?
3. ரூம் மூன்று மாதம் காலியாக இருந்தால் தவணையை எதிலிருந்து கட்டுவேன்?
4. அட்வான்ஸை எந்தக் கணக்கில் போடுவேன்?
5. வாடகை யார் கைக்கு வரும்?

ஐந்தாவது கேள்விக்கு "என் கைக்கு" என்று தயங்காமல் எழுத முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எழுத முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம், கூட்டத்தில் சொல்லுங்கள். சேர்ந்து பேசி வழி கண்டுபிடிக்கத்தானே குழுவாக உட்கார்ந்திருக்கிறோம்.