பழைய புல்லட்டுக்கு எந்தப் பிளக்?

“அண்ணே, இரிடியம் போட்டுக்குங்க, ஒரே கிக்ல புடிச்சிக்கும்” என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொன்னால், உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். என்னிடம் இருப்பது திருவொற்றியூரில் செய்த இரும்பு எஞ்சின் புல்லட், எலக்ட்ரானிக் இக்னிஷன் இல்லாத பாயிண்ட்ஸ் வண்டி. இந்த மாதிரி வண்டியில் பிளக்கின் விலையைவிட, காயிலிலிருந்து பிளக் முனை வரை மொத்தம் எத்தனை ஓம் தடை இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பிளக்கில் பொறி பறக்கும்போது ரேடியோ அலைகளும் கிளம்பும். பக்கத்தில் பாட்டுக் கேட்பவரின் ரேடியோ கரகரக்கும். அதை அடக்கத்தான் பிளக்குக்குள் ஏறக்குறைய 5,000 ஓம் தடை வைக்கிறார்கள். என்ஜிகே பிளக்கில் ‘பி7எச்எஸ்’ என்றால் தடை இல்லை. ‘பிஆர்7எச்எஸ்’ என்றால் உண்டு. நடுவில் வரும் அந்த ‘ஆர்’தான் அடையாளம்.

தடை இருந்தால் பொறி செத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல. பொறி தாவும்வரை அந்த வழியில் மின்னோட்டம் மிகக் குறைவு. அதனால் தடையில் வோல்டேஜ் அதிகம் வீணாவதில்லை. தாவிய பிறகு மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி, முனை தேய்வதையும் அது குறைக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிளக் கேப்புக்குள்ளும் பெரும்பாலும் இன்னொரு 5,000 ஓம் ஒளிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து 10,000 ஆனாலும் நல்ல காயில் தாங்கும். காயில் கிழடாகி, பாயிண்ட்ஸ் தேய்ந்து, பிளக்கில் கரியும் பிடித்த வண்டிக்கு அதுவே பாரம். எங்காவது ஓரிடத்தில் மட்டும் தடை இருக்கட்டும்.

என் அனுபவத்தில் உண்மையான குற்றவாளி பழைய கேப்தான். வெயிலிலும் மழையிலும் அதன் உள்தடை கெட்டு, அளவு கண்டபடி ஏறிவிடும். புதுப் பிளக் வாங்குவதற்கு முன் கேப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றி, மல்டிமீட்டரை 20,000 ஓமில் வைத்து இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். ஐயாயிரத்தை ஒட்டிக் காட்டினால் நல்லது. அளவு தாறுமாறாக ஆடினாலோ, எதுவுமே காட்டாவிட்டாலோ தூக்கி எறியுங்கள். திருகு வைத்த கேப்புக்குச் செம்புக் கம்பி வயர்தான் பொருந்தும். கார்பன் வயரில் அந்தத் திருகு சரியாகப் பிடிக்காது.

அடுத்தது சூட்டு எண். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. ஒன்றின் 7-ஐ இன்னொன்றின் 7 என்று நினைத்து மாட்டக் கூடாது. முனை 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே கிடந்தால் கரி எரியாமல் படியும். 800-ஐத் தாண்டி ஏறினால் பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றி பிஸ்டனைக் கெடுக்கும். மரை நீளம் 12.7 மி.மீ.யா, 19 மி.மீ.யா என்பதையும் பழைய பிளக்கோடு ஒட்டவைத்துப் பாருங்கள். நீளமானதைப் போட்டால் பிஸ்டனில் இடிக்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் பாயிண்ட்ஸ் வண்டிக்கு. எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் தடை இல்லாத பிளக்கை மாட்டினால், பொறி கிளப்பும் ரேடியோ அலை இரைச்சலில் கட்டுப்பாட்டுப் பெட்டியே குழம்பக்கூடும். அங்கே கையேட்டில் ‘ஆர்’ என்று போட்டிருந்தால் ‘ஆர்’ பிளக்தான்.